மனித ஊன் உண்ணல்: பழியும் சான்றும் – அந்தமான் பழங்குடியினரை முன்வைத்து

முன்னுரை

ஓர் உயிர் தன் இனத்தைச் சேர்ந்த பிறிதோர் உயிரை உணவாகக் கொள்வது தன்னினம் உண்ணல் எனப்படும். விலங்கியலார் இதனை வாழ்க்கை முறைகளுள் ஒன்றாகக் காண்பர். மானிடவியலார் வழக்காறாகக் காண்பர். வரலாற்று ஆவணங்களிலோ இது பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டாகவே காணப்படுகின்றது. ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரைப் பற்றிக் கூறும் பழிகளுள் இதனினும் கொடியது இல்லை.

ஐரோப்பிய மொழிகளில் மனித ஊன் உண்போரைக் குறிக்கும் 'கேனிபல்' என்னும் சொல்லே ஒரு மக்களினத்தின் பெயரிலிருந்து தோன்றியது. 1492-இல் கரீபியத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், தாம் முதலில் கண்ட தீவினர் தம் பகைவரான அண்டைத் தீவினரை மனிதரைத் தின்போர் எனக் கூறியதாகக் குறித்தார். அவர்தம் மொழியைக் கொலம்பஸ் அறியார். எனினும் அப்பகைவரின் பெயராகிய 'கரிப்' என்பதன் திரிபு உலகெங்கும் மனித ஊன் உண்போர்க்குப் பொதுப்பெயராயிற்று. 1503-இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா, மனித ஊன் உண்போர் எனக் கருதப்பட்ட தீவினரைச் சிறைபிடித்து விற்கலாம் என ஆணையிட்டார். பழி, அடிமை வணிகத்திற்கு உரிமைச் சீட்டாயிற்று.

இத்தகைய பழிக்கும் உண்மைச் சான்றுக்கும் இடையிலுள்ள தொலைவை, இந்திய நாட்டுக்கு உட்பட்ட அந்தமான் தீவுகளின் பழங்குடியினர் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலங்குலகில் தன்னினம் உண்ணல்

விலங்குகள் தம் இனத்தைத் தாமே உண்பது இயல்புக்கு மாறான செயல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கூண்டில் அடைபட்டமையாலோ இடநெருக்கடியாலோ நேரும் பிறழ்ச்சி என அறிஞர் பலர் அதனை ஒதுக்கினர். 1975-இல் லாரல் பாக்ஸ் என்னும் சூழலியலார் வெளியிட்ட ஆய்வும், 1981-இல் கேரி போலிஸ் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்தை மாற்றின. போலிஸ் ஏறத்தாழ 1,300 சிற்றினங்களில் இச்செயல் பதிவாகியுள்ளதைத் தொகுத்துக் காட்டினார். மீன், தவளை, தேள், சிலந்தி, பூச்சி எனப் பலவகை உயிர்களிடத்தும் இயற்கைச் சூழலிலேயே இது நிகழ்கின்றது.

இதற்குரிய காரணங்களும் இன்று ஓரளவு தெளிவாகியுள்ளன. வட அமெரிக்கப் பாலை நிலங்களில் மழைக்குப்பின் தேங்கும் குட்டைகளில் ஒருவகைத் தேரையின் தலைப்பிரட்டைகள் வளர்கின்றன. குட்டை வற்றுமுன் அவை கரையேறுதல் வேண்டும். அவற்றுள் சில, பெரிய தாடைகளைப் பெற்று ஏனைய தலைப்பிரட்டைகளை உண்டு விரைந்து வளர்கின்றன. அவையும் தம் உடன்பிறந்தவற்றைச் சுவையால் அறிந்து பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்பது ஆய்வில் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தி இனத்தில், ஆண் புணர்ச்சியின்போது தன் உடலைப் பெண்ணின் வாய்க்கு நேரே புரட்டித் தருகின்றது. அவ்வாறு உண்ணப்படும் ஆண், உயிர்தப்பிய ஆணைவிட மிகுதியான முட்டைகளைக் கருவுறச் செய்கின்றது என்பது 1996-இல் நிறுவப்பட்டது. ஒருவகைச் சுறாவின் கருப்பையில் முதலில் வளரும் கரு, ஏனைய கருக்களை உண்டு தான் மட்டும் பிறக்கின்றது.

ஆனால் இங்கும் கூர்ந்து நோக்காமல் கூறப்பட்டவை உண்டு. பெண் கும்பிடுபூச்சி ஆணைத் தவறாமல் தின்றுவிடும் என்னும் கருத்து பல்லாண்டுகள் பரவியிருந்தது. பசி தீர உணவளித்து, இடையூறின்றி விட்டு நோக்கிய 1984-ஆம் ஆண்டு ஆய்வில் ஆண் பூச்சிகள் உயிரோடு பிரிந்து சென்றன. இயற்கையில் இது நிகழ்வதுண்டு. ஆயின் எப்போதும் நிகழும் விதியன்று.

விலங்குகளைப் பொறுத்தவரை, கண்ணால் கண்ட செய்தியும் பிறழ்ச்சி என ஒதுக்கப்பட்டுப் பல சோதனைகளுக்குப் பின்னரே ஏற்கப்பட்டது. மனிதரைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. காணாத செய்தி முதலில் ஏற்கப்பட்டது. சோதனை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே வந்தது.

சாதுவன் கண்ட நாகர்

கடல் நடுவே மனிதரைத் தின்னும் தீவினர் வாழ்கின்றனர் என்னும் எண்ணம் இந்தியப் பெருங்கடலின் வணிக உலகம் முழுவதிலும் வழங்கியது. தமிழில் அதற்குரிய சிறந்த இலக்கியப் பதிவு மணிமேகலையின் 'ஆதிரை பிச்சையிட்ட காதை' ஆகும். பொருளிழந்த சாதுவன் வணிகருடன் கடல்மேற் செல்கின்றான். கலம் உடைகின்றது. ஒடிந்த மரத்தைப் பற்றி அவன் கரையேறும் இடம் ஆடையற்ற நாகர் வாழும் மலைப்பக்கம். உறங்கும் அவனை உணவாகக் கருதி எழுப்புகின்றனர் நாகர். அவனோ அவர்தம் மொழியைப் பழுதறக் கற்றவன். அவன் பேசக் கேட்டதும் அவர்கள் அவனைத் துன்புறுத்தாமல் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர்.

கள் வடிக்கும் கலங்களும் புலால் நாற்றமும் வெள்ளெலும்பும் சூழ அத்தலைவன் வீற்றிருக்கின்றான். அவன் விருந்தாக அளிக்கும் பெண்ணையும் கள்ளையும் ஊனையும் சாதுவன் மறுத்து, வினையும் மறுபிறப்பும் பற்றி எடுத்துரைக்கின்றான். கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாது விடுமாறும், மூத்து இறக்கும் விலங்குகளையன்றிப் பிற உயிர்களைக் கொல்லாதிருக்குமாறும் வேண்டுகின்றான். தலைவன் இசைந்து, முன்னர்க் கரை சேர்ந்தோரிடம் பெற்ற பொருள்களை அளித்து அவனை அனுப்புகின்றான்.

இக்காதையில் வரும் இடத்தை நக்கவாரம் எனக் கொள்வோர் உளர்; அந்தமான் எனக் கொள்வோரும் உளர். இவ்விரண்டையும் உறுதிப்படுத்தும் அகச்சான்று காப்பியத்தில் இல்லை. பௌத்த அறத்தை வலியுறுத்தும் கதை நிகழ்ச்சியை இனவரைவியல் ஆவணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் ஒன்று கருதத்தக்கது. சாதுவன் உயிர் பிழைத்தற்குக் காரணம் படைக்கலம் அன்று, மொழியறிவு. மனிதரைத் தின்போர் எனப்பட்டோரும் பேச்சைக் கேட்கவும் மனம் மாறவும் வல்லவர் என்று காப்பியம் காட்டுகின்றது. இதே கடலைப் பற்றிய பிற நாட்டுக் குறிப்புகளில் இக்கூறு காணப்படவில்லை.

கடலோடிகளின் குறிப்புகள்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமி, வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள தீவுக்கூட்டங்கள் சிலவற்றை மனிதரைத் தின்போர் உறைவிடம் எனக் குறித்தார். கி.பி. 851-ஐச் சேர்ந்த அரபு வணிகர் நூல் அந்தமானைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. அங்குள்ளோர் கருநிறமும் சுருண்ட முடியும் உடையவர், ஆடையற்றவர், மனிதரைத் தின்போர் என்பன அந்நூலின் செய்திகள். அவர்களிடம் படகு இல்லை என்றும், இருந்திருப்பின் அவ்வழிச் செல்வோர் அனைவரையும் தின்றிருப்பர் என்றும் அது கூறுகின்றது. அந்தமானியரோ மரத்தைக் குடைந்து படகு செய்வதில் தேர்ந்தவர். பின்னர் அத்தீவுகளில் வாழ்ந்து எழுதிய ஆய்வாளர்கள் அப்படகுகளை விரிவாக விளக்கியுள்ளனர். படகையே காணாத ஒருவரின் செய்தி, உணவைக் கண்டவரின் செய்தியாக இருத்தல் அரிது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, அந்தமானியரின் தலையும் கண்ணும் பல்லும் நாயினுடையவை போன்றவை என்றும், தம் கையில் அகப்படும் அயலாரைத் தின்பர் என்றும் எழுதினார். நாய்த்தலை பற்றிய கூற்றைப் பின்வந்தோர் கற்பனை எனத் தள்ளினர். அதே வரியில் அமைந்த ஊன் உண்ணல் பற்றிய கூற்றை மட்டும் உண்மையெனக் கொண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் நிக்கோலோ கோன்டியும் இப்பழியையே மீண்டும் கூறினார்.

கரை ஒதுங்கிய அயலாரை அந்தமானியர் கொன்றனர் என்பது உண்மை. அதற்குரிய காரணம் இக்குறிப்புகளில் இடம்பெறவில்லை. மலாய், பர்மியக் கடலோடிகள் அத்தீவினரைப் பிடித்து அடிமைகளாக விற்றுவந்தனர். கடல்வழி வருவோர் தம் மக்களைக் கவர்ந்து செல்வோர் என அறிந்த தீவினர், வந்தோரைப் பகைவராகக் கருதியதில் வியப்பில்லை. கொலை கண்கூடான செய்தி. அதன்பின் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட விருந்து ஊகம்.

பழி மறுக்கப்பட்ட வரலாறு

1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அந்தமானில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். நோயும் இறப்பும் மிகுந்தமையால் அது 1796-இல் கைவிடப்பட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின், 1858-இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது.

அவ்வாண்டிலேயே அங்கிருந்து தப்பிய கைதிகளுள் ஒருவர் தூத்நாத் திவாரி என்னும் சிப்பாய். உடன் சென்றோர் பலர் தீவினரால் கொல்லப்பட்டனர். காயமுற்ற திவாரியை அவர்கள் உயிரோடு விட்டுத் தம்மோடு வைத்துக்கொண்டனர். அவர் ஓராண்டுக்கு மேல் அவர்களுடன் வாழ்ந்து, அவ்வினப் பெண்ணையும் மணந்தார். 1859 மே மாதம் குடியேற்றத்தைத் தாக்க அந்தமானியர் புறப்பட்டபோது, திவாரி முன்னதாகச் சென்று ஆங்கிலேயருக்கு அறிவித்தார். அபர்டீன் போர் எனப்படும் அம்மோதலில் தீவினர் தோற்றனர். மனிதரைத் தின்போர் எனப்பட்டவர்கள் அயலான் ஒருவனைக் காத்தனர். காக்கப்பட்டவர் அவர்களைக் காட்டிக்கொடுத்தார்.

பழியை முறையாக ஆராய்ந்து மறுத்தவருள் முதன்மையானவர் எட்வர்ட் ஹொரேஸ் மேன். தென் அந்தமான் மக்களின் மொழியைக் கற்று அவர்களிடையே பணியாற்றிய அவர், 1882-83-இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் தம் ஆய்வை வெளியிட்டார். இவ்வழக்கம் இருந்தமைக்கு எச்சுவடும் இல்லை என்றும், அதைக் கேட்டாலே அம்மக்கள் அருவருப்பும் சினமும் கொள்கின்றனர் என்றும் அவர் பதிவு செய்தார். அரபு நூலுக்கும் இதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

1906 முதல் 1908 வரை அங்குக் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரௌன், 1922-இல் வெளியிட்ட நூலில் பழியின் தோற்றத்திற்கு ஒரு விளக்கம் அளித்தார். கொல்லப்பட்ட அயலாரின் உடலைத் துண்டித்துத் தீயிலிடும் வழக்கம் அந்தமானியரிடையே இருந்தது. இறந்தவனால் விளையும் தீங்கு அதனால் நீங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கடலிலிருந்து இதனைக் கண்டோர் சமையல் எனக் கருதியிருத்தல் கூடும். மேலும் அந்தமானியர் இறந்த உறவினரின் எலும்புகளைக் கழுவி, மண்டையோட்டையும் தாடை எலும்பையும் கயிற்றில் கோத்து அணிந்தனர். அயலார் கண்ணுக்கு அது வேட்டையின் அடையாளம். அணிந்தவருக்கோ அது துயரின் அடையாளம்.

வட அந்தமானியர் இந்தியரையும் பர்மியரையும் 'லாவ்' என்னும் சொல்லால் குறித்தனர். காட்டிலும் கடலிலும் திரியும் ஆவிகளுக்கும் அதுவே பெயர். இறந்தோரின் ஊனை ஆவிகள் உண்ணும் என்பதும் அவர்களது நம்பிக்கை. படகிலிருந்தோர் கரையிலிருந்தோரை எவ்வாறு கருதினரோ, ஏறத்தாழ அவ்வாறே கரையிலிருந்தோரும் படகிலிருந்தோரைக் கருதியுள்ளனர். ஆயின் படகிலிருந்தோர் கருத்து மட்டுமே நூலேறியது.

மறுப்பு வெளிவந்தும் பழி மறையவில்லை. மேனின் ஆய்வுக்குப் பின் 1890-இல் கோனான் டாயில் வெளியிட்ட 'நால்வரின் குறி' என்னும் துப்பறியும் புதினத்தில், அந்தமானியர் கொடிய மனித ஊன் உண்ணிகளாகவே சித்திரிக்கப்பட்டனர். அறிவியல் கழகத்தின் இதழைப் படித்தோர் சிலர். புதினத்தைப் படித்தோர் பலர்.

கண்டதை மறுத்த வரலாறு

அந்தமானியர் மீதான பழி ஐயமின்றி நம்பப்பட்ட அதே காலத்தில், இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று வடதுருவப் பகுதியில் நடந்தது. ஜான் பிராங்கிளின் தலைமையில் 1845-இல் இரு கப்பல்களில் சென்ற 129 ஆங்கிலேயக் கடற்படையினரும் திரும்பவில்லை. 1854-இல் ஜான் ரே என்பவர், இன்யூட் மக்களிடம் கேட்டறிந்த செய்தியை அரசுக்குத் தெரிவித்தார். பட்டினியால் வாடியோர் இறுதியில் இறந்த தோழரின் ஊனை உண்டனர் என்பதே அச்செய்தி.

இங்கிலாந்து அதனை ஏற்கவில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தாம் நடத்திய வார இதழில் அதே ஆண்டில் இதனைக் கடுமையாக மறுத்தார். நாகரிகமற்றோர் சொல்லை நம்புதல் தகாது என்றும், அவர்களே அம்மாலுமிகளைக் கொன்றிருத்தல் கூடும் என்றும் அவர் வாதிட்டார். 1997-இல் வெளியான எலும்பாய்வு, ஊனை அறுத்தெடுத்த கத்தித் தடங்களை உறுதி செய்தது. 2024-இல், அவ்வாறு வெட்டுத் தடமுள்ள தாடை எலும்பு ஒன்று கப்பல் தலைவருள் ஒருவரான ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் என்பவருடையது என மரபணு ஆய்வால் அறியப்பட்டது. இன்யூட் மக்கள் கூறியது உண்மை என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எலும்புகளால் மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்கின், அக்காலத்தார் சான்றை எடைபோட்ட முறை விளங்கும். எவர் கூறுகிறார், எவரைப் பற்றிக் கூறுகிறார் என்பனவே முதலில் கருதப்பட்டன. என்ன சான்று என்பது பின்தள்ளப்பட்டது.

சான்று நிற்கும் இடம்

பழிகள் பல பொய்யாயினமையால் மனித ஊன் உண்ணல் எங்கும் வழக்காறாக இருந்ததில்லை எனக் கொள்ளுதலும் பிழையாகும். வில்லியம் ஆரென்ஸ் 1979-இல் வெளியிட்ட நூலில், இவ்வழக்கம் நிலவியமைக்கு நம்பத்தக்க சான்று எங்கும் இல்லை என்னும் அளவுக்குச் சென்றார். சான்று கேட்கும் நெறியை அந்நூல் வலுப்படுத்தியது. அதன் முடிவு நிலைபெறவில்லை.

பப்புவா நியூகினியின் கிழக்கு மேட்டுநிலத்தில் வாழும் போரே மக்கள் இதற்குச் சான்றாவர். அவர்களிடையே, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், நடுக்கத்தோடு தொடங்கிக் கொல்லும் 'குரு' என்னும் நோய் தாக்கியது. 1957-இல் வின்சென்ட் ஜிகாஸ், கார்ல்டன் கஜ்டுசெக் ஆகியோர் அதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். 1960-களின் தொடக்கத்தில் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் ஆகிய மானிடவியலார் போரே மக்களிடையே தங்கி, அவர்கள் கூறியவற்றைத் தொகுத்தனர். இறந்த உறவினரின் உடலைப் புழுவுக்கு விடுவதைவிட அவரை நேசித்தோர் உண்பதே மேல் என அம்மக்கள் கருதியிருந்தனர். பகையினால் அன்று, இழப்பின் துயரால் அவ்வழக்கம் நிகழ்ந்தது. மூளை முதலிய உறுப்புகளைப் பெண்களும் குழந்தைகளுமே பெரிதும் உண்டமையால் நோயும் அவர்களையே பெரிதும் தாக்கியது.

ஆஸ்திரேலிய நிருவாகத்தின் தடையால் 1950-களின் இறுதிக்குள் வழக்கம் மறைந்தது. அதன்பின் பிறந்தோரை நோய் தொடவில்லை. முன்னர் உண்டோர் சிலர் மட்டும் ஐம்பது ஆண்டுகள் வரை கழித்தும் நோயுற்றனர். மக்களின் வாய்மொழியும் நோயின் போக்கும் தம்முள் பொருந்துவதே இங்கு வலிமையான சான்றாகும். போரே மக்கள் கூறியது பகைவரைப் பற்றியதன்று; தம்மைப் பற்றியது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தன்னினம் உண்ணல் விலங்குலகில் பரவலானது. உணவு, இடம், இனப்பெருக்கம் ஆகியவற்றின் நெருக்கடியால் விளைவது. மனிதரிடையே அது பட்டினியாலும் சடங்காலும் சிற்சில இடங்களில் உண்மையாகவே நிகழ்ந்துள்ளது. ஆனால் அதனினும் பன்மடங்கு மிகுதியாகப் பழியாக நிலவியுள்ளது. ஒரு மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறுவதற்கும், அவர் மொழி அறியாதார் தொலைவிலிருந்து கூறுவதற்கும் வேறுபாடு காணுதல் வரலாற்றாய்வின் முதற்கடமை. எலும்பு, நோய், வாய்மொழி ஆகியன ஒன்றையொன்று தாங்கும் இடத்திலேயே முடிவு கூறுதல் தகும். பழைய இலக்கியங்களில் வரும் அரக்கர், நாகர் முதலியோரை இன்றைய பழங்குடியினரோடு விரைந்து இணைக்கும் ஆய்வுகளும் இவ்வரம்பை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இது நூலறிவோடு நின்றுவிடும் செய்தியன்று. 1858-இல் சில ஆயிரவராக இருந்த பெரும் அந்தமானியர், 1877-இல் பரவிய தட்டம்மை முதலிய நோய்களால் அழிந்து, 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராயினர். 1961-இல் 19 பேராயினர். போ மொழியை அறிந்த கடைசி மூதாட்டியும் 2010-இல் மறைந்தார். மனிதரைத் தின்போர் எனப்பட்டவர்களை விழுங்கியது அவர்களை நாகரிகப்படுத்த வந்த குடியேற்றமே.

வட சென்டினல் தீவினரை அயலார் அணுகுதல் இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அவர்களைப் பற்றியும் அப்பழைய பழி அவ்வப்போது எழுகின்றது. 2006-இல் அத்தீவின் கரையில் மீனவர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வுடல்களைத் தேடிக் கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் தாழப் பறந்தபோது அதன் காற்றில் மணல் விலகியது. உடல்கள் இரண்டும் குழியில் புதைக்கப்பட்டிருந்தன.